வேஃபேரர் படகை இழுக்க எந்தக் கார் போதும்?

பிரிட்டனில் வேஃபேரர் வகைப் பாய்மரப் படகை இழுத்துச் செல்ல நாற்சக்கர இயக்க வண்டி (எஞ்சின் விசை நான்கு சக்கரங்களுக்கும் செல்வது) வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவையில்லை என்பதே என் கருத்து.

4.82 மீட்டர் நீளமுள்ள இப்படகின் வெற்றுடல் 169 கிலோதான். பாய்மரம், பாய்கள், நங்கூரம், டிரெய்லர் அனைத்தும் சேர்ந்தாலும் பொதுவாக 400 கிலோவுக்குள் அடங்கிவிடும். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு அங்குள்ள சட்ட வரம்பு 750 கிலோ அல்லது காரின் எடையில் பாதி, இவற்றில் எது குறைவோ அது என்பதால், 1,100 கிலோ எடையுள்ள ஒரு சிறிய காருக்கு 550 கிலோ வரை அனுமதி உண்டு. ஆனால் கார் தயாரிப்பாளர் விதித்த வரம்பு இதைவிடக் குறைவாக இருந்தால் அதுவே இறுதியானது; சில ஹைபிரிட், மின்சாரக் கார்களுக்கு இழுக்கும் அனுமதியே கிடையாது என்பதைப் பலர் வாங்கிய பிறகுதான் அறிகிறார்கள்.

குதிரைத்திறனைவிட, இணைப்புக் கொக்கியின் மீது இறங்கும் எடையே அதிகக் கவனத்துக்குரியது. அது மொத்த டிரெய்லர் எடையில் 5 முதல் 7 சதவீதம் இருப்பது நல்லது. படகின் பின்பலகையில் வெளிப்பொருத்து மோட்டாரை மாட்டியபடியே புறப்பட்டால் டிரெய்லரின் முன்பக்கம் இலேசாகி, நெடுஞ்சாலையில் டிரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கும். மோட்டாரைக் காருக்குள் வையுங்கள்.

நாற்சக்கர இயக்கம் உதவுவது வழுக்கும் இறங்குதுறையில்தான். வேஃபேரரையோ கைத்தள்ளுவண்டியில் இருவர் மூவராக நீரில் இறக்கிவிடலாம்; கார் மேட்டிலேயே நிற்கலாம்.