மாலத்தீவு: ரிசார்ட்டை விடுங்கள், ஊர்த்தீவுக்குப் போங்கள்

கேள்வி: மாலத்தீவு என்றாலே கடல்மேல் கட்டிய மரவீடும், கேட்டால் மயக்கம் வரும் வாடகையும்தான். நடுத்தரக் குடும்பம் போய்வர முடியுமா? (வாசகி, திண்டுக்கல்)

தாராளமாக. நீங்கள் சொல்வது ரிசார்ட் தீவு. குடியிருப்பே இல்லாத தீவைக் குத்தகைக்கு எடுத்துக் கட்டியது. மீனவர் வீடு, பள்ளிக்கூடம், பள்ளிவாசல் எல்லாம் உள்ள ஊர்த்தீவுகள் வேறு. நான் அங்கே கணக்கு வாத்தியாராக இருந்த காலத்தில் ஊர்த்தீவில் வெளிநாட்டுப் பயணியைப் பார்ப்பதே அபூர்வம். 2009 வாக்கில் சட்டத்தைத் தளர்த்தினார்கள். அப்புறம் விருந்தினர் இல்லங்கள் முளைத்தன. மாஃபுஷி என்கிற ஊர்த்தீவில் இப்போது அவை நெருக்கியடித்து நிற்கின்றன. அமைதி வேண்டுமென்றால் ஃபுலிதூ, திகுரா பக்கம் போங்கள். தர்ப்பூசணியும் பப்பாளியும் விளைகிற தொட்டூவும் நல்ல ஊர்தான். தலைநகர் மாலேயிலிருந்து அரசுப் படகு மலிவு. ஆனால் எல்லாத் தீவுக்கும் தினமும் கிடையாது, வெள்ளிக்கிழமை பெரும்பாலும் ஓடாது. படகு அட்டவணையைப் பார்த்துவிட்டு விமான டிக்கெட் எடுங்கள். விசா இந்தியர்களுக்கு இறங்கியதும் இலவசம், 90 நாள் வரை. கிளம்புமுன் இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: சின்னத் தீவில் கடலைப் பார்ப்பதைத் தவிர என்ன இருக்கிறது? என் வீட்டுக்காரர் ஒரே நாளில் சலித்துக்கொள்வார். (வாசகி, கோவை)

அவரைச் சாயங்காலம் படகுத்துறைக்கு அனுப்பிவிடுங்கள். விடியுமுன் சூரை (டூனா) மீன் பிடிக்கப் போன தோணிகள் திரும்பும் நேரம் அது. சூரைக்கு அங்கே வலை போடுவதில்லை, பெரும்பாலும் தூண்டில் கம்புதான். முதலில் பவளத் திட்டுப் பக்கம் பொடிமீனை உயிரோடு பிடித்துத் தோணியின் தொட்டியில் வைத்துக்கொள்வார்கள். சூரைக் கூட்டம் கண்ணில் பட்டதும் அதை வாரி இறைத்து, தோணியின் பின்பக்கத்திலிருந்து கடல்மேல் தண்ணீரைப் பீய்ச்சியடிப்பார்கள். பொடிமீன் துள்ளுகிறது என்று சூரை பாய்ந்து வந்து கடிக்கும். தூண்டில் முள்ளில், மீன் கழலாமல் பிடித்துக்கொள்ளும் எதிர்முள் கிடையாது. கம்பை ஒரு சுண்டு சுண்டினால் மீன் தலைக்கு மேலே பறந்து வந்து, தானே கழன்று தளத்தில் தொப்பென்று விழும். அதை வேகவைத்து, புகைபோட்டு, கட்டையாகக் காயவைத்தால் நம் மளிகைக் கடை மாசிக் கருவாடு.

துறையோரம் இரும்புச் சட்டத்தில் கயிறு பின்னிய ‘ஜோலி’ இருக்கைகள் வரிசையாக இருக்கும். ஊர்ப் பெரியவர்கள் அதில் சாய்ந்தபடி அரசியலை அலசுவார்கள். உங்கள் வீட்டுக்காரர் பேச்சுக்காரர் என்றால் சாப்பாட்டுக்கு நீங்கள்தான் போய்க் கூப்பிட வேண்டியிருக்கும்.

கேள்வி: நாங்கள் சைவம். பட்டினிதானா? (வாசகர், கும்பகோணம்)

கொஞ்சம் திண்டாட்டம்தான். காலையில் சூரை, தேங்காய்த்துருவல், வெங்காயம், எலுமிச்சை பிசைந்த மஸ்ஹுனி; மதியம் கருதியா என்கிற மீன்சாறு. இறைச்சி வேண்டாம் என்றால் போதாது, மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். ரொஷி என்கிற சப்பாத்தி எங்கும் கிடைக்கும். பருப்புப்பொடியும் ஊறுகாயும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: மது, உடை விஷயத்தில் கெடுபிடி உண்டா? (வாசகர், சென்னை)

உண்டு. ஊர்த்தீவில் மது அறவே கிடையாது. கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். நீச்சலுடை அதற்கென ஒதுக்கிய கடற்கரையில் மட்டும். தெருவில் தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். நாய் வளர்க்கவும் தடை, அதனால் ராத்திரி நடை நிம்மதி.

கேள்வி: எந்த மாதம் நல்லது? (வாசகி, மதுரை)

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. மே பிறந்தால் தென்மேற்குக் காற்றும் மழையும். காற்று திரும்பும்போது கரை மணலும் தீவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்துவிடும். இணையத்தில் பார்த்த வெள்ளை மணல் நீங்கள் போகும்போது அறைக்கு முன்னால் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ‘இந்த மாதம் மணல் எந்தப் பக்கம்?’ என்று விருந்தினர் இல்லத்தாரிடம் கேட்டு, நேற்று எடுத்த படம் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம் முன்பணம் கட்டலாம்.