பிளஸ் ஒன்னில் கணினி அறிவியல்: பள்ளியை மாற்றும் முன் யோசிக்க வேண்டியவை

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மகள் ஆறாம் வகுப்பு முதல் படித்துவரும் அதே அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் பிரிவில் சேர்ந்திருப்பதையும், அங்கே செய்முறை வகுப்பு ரெக்கார்டு நோட்டு எழுதுவதோடு முடிந்துவிடுவதால் தனியார் பள்ளிக்கு மாற்றலாமா, அல்லது கடன் வாங்கியாவது கோடிங் வகுப்பில் சேர்க்கலாமா என்று தாங்கள் கவலைப்படுவதையும் எழுதியிருந்தீர்கள். இரண்டும் வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் தாங்கள் கண்டிருக்கும் குறை உண்மையானது; அதைச் சரிசெய்யும் வழி பெரும்பாலும் அந்தப் பள்ளிக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் சேர்க்கை பற்றிய அச்சத்தைத் தீர்த்துவிடுகிறேன். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப், கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணினி அறிவியல் மதிப்பெண் அதில் சேர்வதில்லை. உயிரியலும் கணிதமும் படித்த மாணவர்கூடக் கணினிப் பொறியியலில் சேர முடியும். எனவே பள்ளியில் இந்தப் பாடம் சரியில்லை என்பதால் மட்டும் கல்லூரிக் கதவு எதுவும் அடைபட்டுவிடாது. மாறாக, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குப் பொறியியலில் 2021 முதல் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்வி படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமும் இருக்கிறது. இன்று பள்ளியை மாற்றினால் இந்த உரிமைகளை இழக்க நேரிடும் என்பதைத் தயவுசெய்து மனத்தில் கொள்ளுங்கள்.

பிரச்சினையின் வேரும் அந்தக் கட்-ஆஃப் கணக்கில்தான் இருக்கிறது. கணக்கில் வராத பாடம் என்பதால், பல பள்ளிகளில் கணினி ஆய்வகத்துக்கான பாடவேளையை இயற்பியல் தேர்வுக்கோ கணிதச் சிறப்பு வகுப்புக்கோ எடுத்துக்கொள்கிறார்கள். எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்ற அமைப்பில், குறிப்பிட்ட சில செய்முறை நிரல்களை மனப்பாடம் செய்தாலே செய்முறையில் முழு மதிப்பெண்ணுக்கு அருகில் போய்விடலாம் என்பது ஆசிரியருக்கும் தெரியும், மாணவருக்கும் தெரியும். பாடத்திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2018-19இல் பதினொன்றாம் வகுப்புக்கும் அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்கும் வந்த புதிய பாடநூல்கள் எண்முறைகள், சிக்கலைப் படிப்படியாகத் தீர்க்கும் நெறிமுறைச் சிந்தனை, சி++ என்னும் நிரல்மொழி என்று தொடங்கி, பைத்தான் நிரல்மொழி, தரவுத்தளம், அதில் தகவலைத் தேட உதவும் எஸ்க்யூஎல் மொழி வரை கொண்டுசெல்கின்றன. கல்லூரி முதலாண்டில் கற்பிக்கும் பலவற்றின் அடிப்படை அதிலேயே இருக்கிறது. அது கணினியின் முன் அமர்ந்து கற்கப்படவில்லை என்பதே என் ஆதங்கம்.

மனப்பாடத்துக்கும் புரிதலுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு நிரலை வைத்தே தாங்கள் பார்த்துவிடலாம். ஓர் எண்ணின் தொடர்பெருக்கத்தைக் கண்டுபிடிக்கும் நிரல் செய்முறைப் பட்டியலில் வழக்கமாக இடம்பெறுவது. 5 கொடுத்தால் 1 முதல் 5 வரை பெருக்கி 120 தர வேண்டும். பைத்தானில் எழுதும்போது கொடுத்த எண்ணை n என்று வைத்துக்கொண்டு, எல்லையை 'n + 1' என்று கொடுக்காமல் வெறும் 'n' என்று கொடுத்துவிட்டால் விடை 24 வரும். ஏனெனில் ரேஞ்ச் என்னும் கட்டளை தன் இறுதி எண்ணை விட்டுவிட்டு எண்ணும் இயல்புடையது. நிரலில் பிழைச் செய்தி எதுவும் வராது. 1 கொடுத்துச் சோதித்தால் விடையும் சரியாகவே இருக்கும். 2 கொடுக்கும்போதுதான் தவறு வெளிப்படும். நோட்டைப் பார்த்து எழுதிய மாணவி 24-ஐக் கண்டதும் திகைத்து, மீண்டும் நோட்டைத் தேடுவார். புரிந்து எழுதிய மாணவி சிறிய எண்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்து, சுழற்சி எங்கே ஒரு படி முன்னதாக நின்றுவிடுகிறது என்று கண்டுபிடிப்பார். இந்தத் திறனைத்தான் பின்னாளில் வேலை கொடுப்பவர்கள் நேர்காணலில் தேடுகிறார்கள். செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தந்துவிடுமே என்று தாங்கள் கேட்டதற்கும் என் பதில் இதுவே: அது எழுதித் தருவதில் இத்தகைய பிழை இருந்தால் கண்டுபிடிக்க ஓர் ஆள் வேண்டும். இந்த ஆண்டு முழுவதும் மகள் நிரலைத் தாமே எழுதட்டும். பிழைச் செய்தியின் பொருள் விளங்காதபோது மட்டும் அதனிடம் கேட்கட்டும்.

இதற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் என்னும் காணொளிப் பாடங்களில் பல தமிழ்க் குரலிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணியம் என்னும் தமிழ் இணைய இதழ் வெளியிட்டுள்ள கட்டற்ற மென்பொருள் நூல்களும் கட்டுரைகளும் பெரிய துணை. கணிதத்தில் ஆர்வமிருந்தால் இந்தியக் கணினி ஒலிம்பியாடின் மண்டலத் தேர்வை எழுதிப் பார்க்கலாம். அதன் எழுத்துத் தேர்வுக்குக் கணினியே வேண்டாம். காகிதமும் பென்சிலும் கொண்டு சிக்கலைப் படிப்படியாகப் பிரித்து யோசிக்கத் தெரிந்தால் போதும்.

இனி ஆசிரியரைப் பற்றி. அவர் கற்பிப்பதில்லை என்று தாங்கள் வருத்தப்பட்டிருந்தீர்கள். அவருடைய நிலையையும் எண்ணிப் பாருங்கள். கல்லூரியில் சி, சி++ படித்துவிட்டு வந்த பலர், பாடத்திட்டம் மாறியதும் சில நாள் பயிற்சியோடு பைத்தான் நடத்த வேண்டியவரானார்கள். பல பள்ளிகளில் கணினி ஆசிரியர் ஒருவரே இரண்டு வகுப்புகளையும் பார்த்துக்கொண்டு, எமிஸ் என்னும் கல்வித் துறைத் தளத்தில் மாணவர் விவரம் பதிவேற்றுவது முதல் உதவித்தொகை விண்ணப்பம் வரை பள்ளியின் இணையவழி வேலைகளையும் சுமக்கிறார். அவருக்கு அறிவுரை சொல்வதைவிட நேரத்தை மீட்டுக் கொடுப்பதே பெரிய உதவி. நேரம் கிடைத்தால் கற்றுக்கொள்ள வழிகள் உண்டு: ஐஐடிகள் நடத்தும் என்பிடிஇஎல் என்னும் இணையவழிப் பாடத் தளத்தில், சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த் நடத்திய பைத்தான் பாடத்தை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பக்கத்துப் பள்ளிகளின் கணினி ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடி, தங்கள் மாணவர்கள் செய்த பிழைகளைப் பகிர்ந்துகொண்டால், எந்தப் பயிற்சி முகாமும் தராத பலன் கிடைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பெற்றோர் என்ற முறையில் தங்களுக்கு இதில் இடமுண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். தங்கள் பள்ளியின் குழுக் கூட்டத்தில் கோரிக்கைகளைப் பணிவோடு, எழுத்து வடிவில் முன்வையுங்கள். ஆய்வகப் பாடவேளை வேறு பாடத்துக்குத் தரப்படாமல் இருக்க வேண்டும். பழுதான கணினிகளின் எண்ணிக்கை பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். ஹைடெக் லேப் எனப்படும் பள்ளியின் உயர்தொழில்நுட்பக் கணினி ஆய்வகம் இணையத் தேர்வுகளுக்கு மட்டும் திறக்கப்படாமல், பிளஸ் ஒன் மாணவர்களுக்குப் பள்ளி முடிந்த பிறகு ஒரு மணி நேரமாவது கிடைக்க வேண்டும். ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிட்டுச் செல்லுங்கள். அவரைக் குறைகூறும் மனுவாக அது தோன்றிவிடக் கூடாது.

ஏழாம் வகுப்பில் படிக்கும் தங்கள் மகனைப் பற்றியும் ஒரு சொல். ஆறு முதல் எட்டு வரையிலான கணிதப் பாடநூல்களில் 'தகவல் செயலாக்கம்' என்றொரு இயல் வருகிறது. தேர்வு நெருக்கடியில் பல வகுப்புகளில் அதை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். படிநிலைகளை ஒழுங்குபடுத்திச் சிந்திக்கும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. விடுமுறையில் அக்காவும் தம்பியும் சேர்ந்து அந்தக் கணக்குகளைப் போட்டுப் பார்க்கட்டும்.

பிளஸ் ஒன் இறுதித் தேர்வு முடிந்ததும், சென்னை ஐஐடி இணையவழி நடத்தும் தரவு அறிவியல் பட்டப்படிப்பின் தகுதிச் சுற்றுக்கு மகள் விண்ணப்பிக்கலாம். அதற்கு ஜேஇஇ நுழைவுத் தேர்வு தேவையில்லை. அதற்குள் பைத்தானில் அவர் தாமாக எழுதிய நிரல் ஒன்றையும், அதில் தாம் திருத்திய பிழைகளைப் பற்றிய குறிப்பையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பொறியியலா, இந்த இணையவழிப் பட்டப்படிப்பா என்று மூவரும் பேசலாம்.