நுரை பொங்கினால் அடைப்பு போகுமா?

கேள்வி: சிங்க்கில் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்குகிறது. சமையல் சோடாவைக் கொட்டி வினிகர் ஊற்றினால் நன்றாக நுரைக்கிறது, ஆனால் அடைப்பு அப்படியே இருக்கிறது. எந்த அளவில் கலக்க வேண்டும்? கெட்டிலுக்குள் படிந்த வெள்ளைப் படிவத்துக்கும் இதே கலவை போதுமா?

பதில்: அளவை மாற்றிப் பயனில்லை. இரண்டையும் சேர்ப்பதே தவறு.

சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட், லேசான காரம். வினிகரில் சுமார் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கிறது, மற்றதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர். இரண்டும் சேரும்போது அமிலத்தின் ஹைட்ரஜன் அயனியைப் பைகார்பனேட் பிடித்துக்கொண்டு கார்போனிக் அமிலமாகிறது. அது நிலைக்காது, தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிந்துவிடும். நீங்கள் பார்க்கும் நுரை அந்த வாயுதான். அடியில் தங்குவது சோடியம் அசிட்டேட் என்ற உப்பு கரைந்த நீர். இந்த வினை வெப்பத்தை உறிஞ்சுவதால், ஒரு கிண்ணத்தில் செய்து தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 84 கிராம் சோடாவுக்கு 60 கிராம் அசிட்டிக் அமிலம் ஈடாகும். ஆக ஒரு டீஸ்பூன், அதாவது ஏறக்குறைய 5 கிராம் சோடாவைத் தீர்க்க 70 மில்லி வினிகர் வேண்டும். வெளிவரும் வாயு சுமார் 1.4 லிட்டர். இப்படிச் சரியாக அளந்து கலந்தீர்கள் என்றால் காரமும் மிஞ்சாது, அமிலமும் மிஞ்சாது. குழாய்க்குள் இறங்குவது வெறும் உப்புத் தண்ணீர். அது எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்காது. வாயுவும் அடைப்பைத் தள்ளாமல், திறந்திருக்கும் மேல்பக்கமாகவே வெளியேறிவிடும். தளர்வாக ஒட்டியிருக்கும் அழுக்கு கொஞ்சம் அசையலாம், அவ்வளவுதான். அதற்காக மூடிய பாட்டிலில் மட்டும் கலந்துவிடாதீர்கள், அழுத்தம் ஏறி வெடிக்கும்.

உங்கள் சிங்க்குக்குப் பாத்திரம் துலக்கும் திரவத்தை ஊற்றி, பின்னாலேயே நல்ல சூடான தண்ணீரை விடுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம், பிளாஸ்டிக் குழாய் இளகும். அதிலும் இறங்கவில்லை என்றால் பிளஞ்சரால் அழுத்துங்கள், அல்லது சிங்க்குக்குக் கீழே வளைந்திருக்கும் குழாயைக் கழற்றிக் கழுவுங்கள். பெரும்பாலான அடைப்பு அந்த வளைவில்தான் உட்கார்ந்திருக்கும்.

கெட்டிலுக்கு வினிகர் மட்டும் போதும். அந்த வெள்ளைப் படிவம் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வினிகரும் தண்ணீரும் சம அளவில் ஊற்றி, சூடாக்கி, அரை மணி நேரம் விட்டுவையுங்கள். அங்கேயும் குமிழ்கள் வரும், ஆனால் அவை படிவமே கரைவதால் வருபவை. நடுவில் சோடாவைப் போட்டால் படிவத்தைத் தின்ன வேண்டிய அமிலம் சோடாவோடு தீர்ந்துவிடும். சோடாவை அடிப்பிடித்த பாத்திரத்துக்கு எடுத்து வையுங்கள். சொட்டுத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தால், கீறாமல் சுரண்டும் மென்மையான தூள் அது.

ஒன்றை மட்டும் கட்டாயம் கவனியுங்கள். அடைப்பு போகவில்லையே என்று ஏற்கெனவே பிளீச் ஊற்றியிருந்தால், அதன்மேல் வினிகரை ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைத் தாக்கும். தெரியாமல் கலந்துவிட்டால் அதைச் சுத்தம் செய்ய நிற்காமல் உடனே வெளியே வந்துவிடுங்கள்.