சனிக்கிழமை மாட்டன் எண்டு சொல்லலாமா?

தம்பி, கிளிநொச்சியில ஆறு வருசம் கார்மென்ற்ஸில நிண்டிட்டு கனடாவில ஸ்காபரோவுக்கு வந்து மூண்டு மாதம் எண்டு எழுதியிருக்கிறீர். பேக்கரி பக்ரறியில திங்கள் தொடக்கம் வெள்ளி வரைக்கும் பத்துப் பத்து மணித்தியாலம். இப்ப சனிக்கிழமையும் எட்டு மணித்தியாலம் கட்டாயமாம், மாட்டன் எண்டால் நிப்பாட்டிப் போடுவினமோ எண்டு கேக்கிறீர். பேஸ்மென்ற் வாடகை, லைசன்ஸ் எல்லாம் சொல்லித் தர ஆக்கள் நிறைய இருக்கினம். நான் இந்த வேலைக் கதைக்கு மட்டும் வாறன்.

உம்மட கணக்கு கிழமைக்கு 58 மணித்தியாலம். ஒன்ராறியோச் சட்டத்தில 48 தான் எல்லை. அதுக்கு மேல வேலை வாங்க நீர் எழுத்தில சம்மதிச்சிருக்க வேணும். அப்பிடி வைச்ச கையெழுத்தையும் ரெண்டு கிழமை முன்னறிவித்தல் எழுதிக் குடுத்து மீளப் பெறலாம். சில கிழமை மணித்தியாலத்தைச் சேர்த்துச் சராசரி பாக்கிற ஒப்பந்தம் ஏதும் இல்லாட்டி, 44க்கு மேல ஒண்டரை மடங்கு. உம்மட 14 மணித்தியாலத்துக்கு 21 மணித்தியாலக் காசு வரவேணும். சம்பளத் துண்டை இண்டைக்கே எடுத்துப் பாரும். குறைஞ்சிருந்தால் ரெண்டு வருசத்துக்குள்ள தொழில் அமைச்சில முறையிடலாம்.

நான் வந்தது 2004. வேலைக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்சி மேசையில நூலில கட்டின பேனை ஒண்டு கிடந்தது. ஒரு வரி வாசிக்காமல் ஏழு இடத்தில கையெழுத்து வைச்சன். பிறகு கிழமைக்கு 62 மணித்தியாலம். பஸ்ஸில நித்திரையாகி எத்தினை தரம் கடைசித் தரிப்பில இறங்கி, ஸ்னோவுக்குள்ள திரும்பி நடந்திருப்பன். எங்கட ஆக்களில ஒரு பகுதிக்குப் பதினாறு மணித்தியாலம் நிண்டதைச் சொல்லுறது பெருமை. அவையின்ர பிள்ளையள் தகப்பனை நித்திரையில மட்டும் கண்டு வளந்ததுகள். அந்தப் பெருமையை நான் ஏற்கேல்லை.

எங்களுக்கு மேல நிண்ட சுப்பவைசரும் தமிழ் ஆள்தான், வன்னியான். யூனியன் காட், அதாவது தொழிற்சங்கம் வேணும் எண்டு சொல்லுற அட்டையில கையெழுத்து வைச்சால் பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) போயிடும் எண்டு ஒவ்வொருத்தரையும் தனியக் கூப்பிட்டுச் சொன்னார். முழுப்பொய். குடிவரவுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. காட் போட்டவையின்ர பேர் முதலாளிக்குப் போகாது. 40 வீதம் பேர் போட்டால் தொழில் உறவுச் சபை இரகசிய வாக்கெடுப்பு வைக்கும், விழுந்த வாக்கில பாதிக்கு மேல கிடைச்சால் சங்கம் வந்திட்டுது. அதுக்காக ஆளை நிப்பாட்டுறது சட்டவிரோதம். வேலை நேரத்தில மட்டும் காட் குடுக்காதையும், சாப்பாட்டு நேரத்தில வெளியில வைச்சுக் குடும். ஊரிலயும் 1999இல இருந்து, 40 வீதம் பேர் சேர்ந்த சங்கத்தோட முதலாளி பேச மறுக்கேலாது. கார்மென்ற்ஸில ஆரும் உமக்கு அதைச் சொல்லித் தந்திருக்காயினம்.

முரசுமோட்டை எண்டும் எழுதியிருக்கிறீர். அப்ப இரணைமடுச் சிறுபோகக் கூட்டம் தெரியும்தானே? குளத்தில எத்தினை அடி தண்ணி நிக்குது, எத்தினை ஏக்கர் விதைக்கலாம் எண்டு அரச அதிபருக்கு முன்னால கமக்காரர் இருந்து பேசுறது. எங்கட அப்பா வாய்க்கால்காரர் எல்லாற்ற பேரையும் கொப்பியில எழுதி, உரப்பையில சுத்தி, சைக்கிள் கரியரில வைச்சுக் கட்டிக்கொண்டு போவார். தனிய ஒருத்தர் போய்த் தண்ணி காணாது எண்டால் ஆரும் காது குடுக்கிறேல்லை. வாய்க்கால் முழுக்க வந்து நிண்டால் துருசு (குளத்து மதகு) திறபடும். சாப்பாட்டு அறையில ஒரு பிலிப்பீன் அம்மா எனக்கு அந்த யூனியன் அட்டையை நீட்டேக்க, அந்தக் கொப்பிதான் கண்ணுக்குள்ள வந்தது. கையெழுத்து வைச்சன்.

வாக்கெடுப்பில வெண்டம். முதல் ஒப்பந்தத்திலயே, சனிக்கிழமை விரும்பின ஆக்களுக்கு மட்டும் எண்டு எழுதுவிச்சம். அந்த முதல் சனி விடிய அப்பாவுக்கு ரெலிபோன் எடுத்தன். வேலை போட்டுதோ எண்டு பயந்து போனார் மனுசன்.

நீரும் ஒரு கொப்பி வாங்கும். எத்தினை மணிக்கு ஏறினனீர், எத்தினை மணிக்கு இறங்கினனீர் எண்டு இண்டையில இருந்து எழுதும். முறைப்பாட்டுக்குப் போகேக்க அது கையில இருக்கட்டும்.