கேள்வி – பதில்: கிபிர் வேகத்தில் போகும் விமானம் எப்படிக் குறி பார்க்கும்?

கேள்வி: யுத்த காலத்தில் இலங்கை விமானப்படையின் கிபிர் போர் விமானம் வந்தது தெரிவதற்குள் போய்விடும். அந்த வேகத்தில் போகும் விமானம், கீழே சண்டை பிடிக்கும் தன்னுடைய படைக்குப் பக்கத்திலேயே எப்படிக் குண்டு போடுகிறது? ட்ரோன் வந்த பிறகும் இது தேவையா?
– வாசகர் ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: விமானி தானாகக் குறி பார்ப்பதில்லை, கீழே இருந்து ஒருவர் சொல்லிக்கொடுக்கிறார். காலாட்படையோடு நடந்து போகும் அந்தக் கட்டுப்பாட்டாளர் எதிரி எங்கே, நம்மவர் எங்கே, எந்தப் பக்கத்தால் வர வேண்டும் என்று ரேடியோவில் சொல்லி, கடைசியில் அனுமதி கொடுத்தால்தான் குண்டு விழும். தூரத்துப் பாலத்தையோ ஆயுதக் கிடங்கையோ தாக்குவது வேறு வேலை. நம்மவருக்குப் பக்கத்திலேயே அடிக்க வேண்டிய இந்த வேலைக்கு வேகம் குறைந்தவைதான் பிரயோசனம்: நமக்குத் தெரிந்த எம்.ஐ.-24 ஹெலி, ரஷ்யாவின் சு-25, 30 மி.மீ. பீரங்கியைச் சுற்றியே கட்டப்பட்டது போன்ற அமெரிக்க ஏ-10. இவை தாழப் பறந்து, திரும்பத் திரும்ப வட்டமிட்டுப் பார்க்கும்.

ஆனால் சொல்பவர் பிழை விட்டால் எல்லாம் போச்சு. 2001 டிசம்பர் 5, ஆப்கானிஸ்தானில் கந்தகாருக்கு வடக்கே அமெரிக்கக் கட்டுப்பாட்டாளர் ஒருவர் எதிரியின் இடத்தை ஜி.பி.எஸ். கருவியில் எடுத்து வைத்திருந்தார், பற்றரி தீர்ந்ததால் புதியதைப் போட்டார், கருவி மறுபடி உயிர் பெற்றபோது காட்டியது அவர் நின்ற இடத்தையே. அதைத்தான் மேலே விமானத்துக்குச் சொன்னார். பி-52 குண்டுவீச்சு விமானம் போட்ட 2,000 இறாத்தல் குண்டு அவர்கள் மேலேயே விழுந்து 3 அமெரிக்கச் சிப்பாய்களும் கூட நின்ற ஆப்கானியர்களும் இறந்தார்கள், பக்கத்தில் இருந்த, பிறகு ஆப்கான் ஜனாதிபதியான ஹமீது கர்சாய்க்கும் காயம். நம்மவர் எங்கே என்று சொல்ல ரேடியோவோடு ஓர் ஆள் இருந்துமே இப்படி. ஊருக்குள் பங்கரில் படுத்திருக்கும் சனத்துக்காகப் பேச அந்த ரேடியோவில் யாரும் இல்லை, இதை நாங்கள் மறந்துவிட்டுப் படையியல் பேசக்கூடாது.

சரி, ட்ரோன். உக்ரைனில் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைக்குப் பயந்து இரு தரப்பு சு-25களும் மரத்தோடு மரமாகப் பறந்து வந்து, மூக்கைத் தூக்கி ரொக்கெட்டுகளை எறிந்துவிட்டுத் திரும்பி ஓடுகின்றன, துல்லியம் போய்விட்டது. விமானம் செய்த வேலையில் ஒரு பெரிய பங்கை இப்போது பதுங்குகுழியில் இருந்தபடியே சிறு ட்ரோன் ஓட்டும் சிப்பாய் செய்கிறார். ஆனால் சிறு ட்ரோன் தூக்கும் வெடிமருந்து சில கிலோதான், கொங்கிறீற் கட்டடத்துக்குள் இருக்கும் எதிரியை அசைக்க இன்னும் விமானக் குண்டுதான் வேண்டியிருக்கிறது.