கிளினிக் கொப்பியை ஒளிக்க வேண்டாம்

கேள்வி: வயது 56. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கிறேன். இரண்டு வருடமாக நீரிழிவு. வானொலியைத் திறந்தாலும் தொலைக்காட்சியைப் போட்டாலும் 'உங்கள் ஆரோக்கியம் உங்கள் கையில்' என்கிறார்கள். மகனும் 'நீங்களே தேடிக்கொண்ட வருத்தம்' என்கிறான். சீனியை விட்டுப் பனங்கட்டிக்கு மாறியும் அளவு இறங்கவில்லை. ஏச்சு விழுமென்று போன மாதம் கிளினிக்குக்குப் போகவில்லை. பிழை முழுக்க என்னுடையதா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, அடுத்த கிளினிக் நாளுக்குக் கட்டாயம் போங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஒருமுறை போகாமல் கிளினிக் கொப்பியை ஒளித்து என்ன பயன்?

பிழை முழுக்க உங்களுடையது அல்ல. அரை நிமிட அறிவித்தலில் 'நடவுங்கள், சீனியைக் குறையுங்கள்' என்று சொல்லலாம். பரம்பரையைப் பற்றியும், தென்னாசியருக்கு ஐரோப்பியரைவிடக் குறைந்த உடல் எடையிலேயே இந்த வருத்தம் வருவதைப் பற்றியும் சொல்ல அதில் இடமில்லை. சொல்லாமல் விட்டதெல்லாம் கேட்பவர் தலையில் குற்றமாக இறங்குகிறது. அறிவித்தல் முடிந்த கையோடு பிஸ்கட் விளம்பரம் வரும். அதிலும் 'ஆரோக்கியம்' என்ற சொல் இருக்கும்!

விற்பவனுக்கும் பொறுப்புண்டு என்பதை அரசே ஒத்துக்கொண்டிருக்கிறது. மென்பானப் போத்தல்களில் நிறக் குறியீடு 2016இல் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு என்று அப்போது வைத்தார்கள். ஆனால் அதைத் தேடிப் பார்க்கும் வேலை மறுபடி நம்மிடம்தான். எனக்கென்றால் அதற்கு மூக்குக்கண்ணாடி வேண்டும்.

பனங்கட்டி விடயத்தில் உங்கள் பக்கம் பேச மாட்டேன். உள்ளங்கையில் ஒரு துண்டை வைத்து, கடித்துக் கடித்துத் தேநீர் குடிக்கும் சுகம் எனக்கும் தெரியும். நம் பனையில் வந்தது என்பதால் அது மருந்தாகிவிடாது, அதுவும் சீனிதான். வெறுந்தேநீருக்குப் பழகுங்கள்.

மகனுக்கு வருவோம். வீட்டுக்கெல்லாம் அரிசிமாப் புட்டும் உங்களுக்கு மட்டும் தனியாகக் குரக்கன் புட்டும் அவிக்க நீங்கள்தானே அடுப்படியில் நிற்கிறீர்கள்? இனி ஒரே புட்டு அவியுங்கள், குரக்கனில், அளவோடு. மாலையில் அவரும் உங்களோடு நடக்கட்டும். தாய்க்கு நீரிழிவு என்றால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்புக் கூட. அடுத்த முறை கிளினிக்குக்கு அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். தனக்கும் எங்கே, எப்போது இரத்தம் சோதிப்பதென்று அங்கேயே கேட்டுக்கொள்ளட்டும்.