கெண்டைக்கால் வலித்தால் நடையை நிறுத்த வேண்டுமா?

நிறுத்த வேண்டாம், இடையிடையே நின்று நடக்கச் சொல்லுங்கள். கால் தமனி அடைப்பு என்று உறுதி செய்து மருத்துவர் நடக்கச் சொன்னதாகவும், மண்டபம் கடற்கரையில் கொஞ்ச தூரத்திலேயே அப்பாவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தசைக்கு ரத்தம் போதாமல் வரும் வலி அது. அந்த வலியால் கால் கெட்டுப்போகாது.

வலி ஓரளவு கடுமையாகும் வரை நடந்து, நின்று, முழுதும் தணிந்ததும் மறுபடி நடக்க வேண்டும். ஓய்வையும் சேர்த்து 30 முதல் 45 நிமிடம், வாரத்துக்குக் குறைந்தது 3 நாள், 12 வாரமாவது. பலன் மெதுவாகத்தான் தெரியும், தயவுசெய்து பாதியில் விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவு சீக்கிரம் வலிக்க மணலே காரணமாக இருக்கலாம். புதையும் மணலில் தசைக்கு வேலை அதிகம். ஒரு வாரம் தார்ச்சாலையில், வெயில் ஏறுமுன் நடக்கவிட்டு, தூரம் கூடுகிறதா என்று பாருங்கள். சர்க்கரை நோய் இருந்தால் வெறுங்கால் கூடவே கூடாது. பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் சிப்பி கீறினாலும் தெரியாது. பீடி பிடிப்பவர் என்றால் அதை விடுவதுதான் முதல் மருந்து.

படுத்திருக்கும்போதும் பாதம் வலித்தாலோ, ஆறாத புண் இருந்தாலோ, நடையில் நெஞ்சு வலித்தாலோ, நடப்பதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். கால் திடீரென வெளுத்துச் சில்லிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.